மாமன் மடியில் எடுத்த படம்

என்னிடம் பன்னிரண்டு வருடமாக ஒரு கேமரா இருக்கிறது. திண்டுக்கல் டவுனில் ஒரு ஸ்டுடியோக்காரர் தனக்குப் புதிது வாங்கியபோது அவரிடமிருந்து இரண்டாங்கையாக வாங்கியது. கைப்பிடி ரப்பர் வெயிலில் பிசுபிசுத்து உரிந்து வந்தபோது, சைக்கிள் கடையில் பழைய டியூபை வெட்டி வாங்கி ஒட்டிக்கொண்டேன். பேட்டரி மூடியின் கொக்கி உடைந்த நாளிலிருந்து அது ஒரு ரப்பர் பேண்டை நம்பி இருக்கிறது. அதோடு வந்த சின்ன ஜூம் லென்ஸ்தான் இன்றைக்கும் அதில் இருக்கிறது. திருகினால் மண் நெரிபடும் சத்தம் கேட்கும். குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு வளைகாப்புக்குப் போனபோது காற்றில் உள்ளே போன மண் அது. வெளியே வரச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை.

இந்தக் கேமராவைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுதான் உண்டு. எதிரில் இருப்பதை எல்லாம் எடுத்துவிடும். லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக்கி, பிளாஷைப் போட்டு அமுக்கினால் போதும். முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர், அவருக்குப் பின்னால் பந்தல் கால், பந்தல் காலில் தொங்கும் யாரோ ஒருவரின் மஞ்சப்பை, மஞ்சப்பையில் அச்சடித்திருக்கும் ஜவுளிக்கடையின் பெயர் வரை எல்லாம் தெளிவாக விழும். பிளாஷுக்கு நாலு பென்சில் செல். பென்சில் செல் விற்காத பெட்டிக்கடையை இந்த மாவட்டத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை.

நான் பெண் என்பதால்தான் எனக்கு வேலை வந்தது. திறமை எல்லாம் அப்புறம்தான். எங்கள் சர்ச்சில், பிள்ளைகள் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை விழாவில் எடுக்க ஆரம்பித்தேன். அதைப் பார்த்த ஒரு டீச்சர் தன் ஊரான சாணார்பட்டிக்கு வளைகாப்புக்குக் கூப்பிட்டார். அங்கே வளையல் போடுகிற அறைக்குள் ஆம்பளை போட்டோகிராபர் போனால் பாதிப் பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்கள். நான் போனால் "அக்கா, இந்தப் பக்கம் வாங்க, காத்தாடிக்குக் கீழ உக்காருங்க" என்பார்கள். இப்படியே கிழக்கே சுற்றி உள்ள ஊர்களில் எனக்குப் 'போட்டோ அக்கா' என்று பெயராகிவிட்டது. ஸ்கூட்டரில் போவேன், எடுப்பேன், சாப்பிடுவேன், வருவேன். யாரும் குறை சொன்னதில்லை. யாரும் பாராட்டியதும் இல்லை. படத்தில் தங்கள் முகம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இருக்கும், ஆல்பத்தை மூடி பீரோவில் வைத்துவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறார். லென்ஸைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. படம் எடுக்க மட்டும் வராது. எங்கள் மகளின் ஆண்டுவிழாவில் அவர் எடுத்த எல்லாப் படங்களிலும் மகளைவிட அவருடைய கட்டைவிரல்தான் நன்றாக வந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு லென்ஸ் விமர்சனங்களைப் பார்க்க ஆரம்பித்தார். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர். அவர் ஒரே பெண்ணைத் திரும்பத் திரும்ப எடுப்பார். பூங்காவில் எடுப்பார், மழையில் எடுப்பார், காபிக் கோப்பையோடு எடுப்பார். பெண்ணின் கண் மட்டும் பளிச்சென்று இருக்கும், மிச்சம் எல்லாம் மங்கிப் போயிருக்கும்.

"பின்னாடி பாரு, அப்படியே வெண்ணெய் மாதிரி உருகுது" என்றார் இவர்.

"எதுக்கு உருகணும்?"

"அதுதான் அழகு. ஒன் பாயிண்ட் டூ லென்ஸ். துவாரம் அம்புட்டுப் பெருசு."

அந்த வெள்ளைக்காரர் எடுத்த ஒரு படத்திலும் இரண்டாவது ஆள் இல்லை. நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். அடுப்பில் தோசை தீய்ந்துகொண்டிருந்தது, போய்விட்டேன்.

முழுப் பழியையும் அவர் மேல் போடுவது நியாயம் இல்லை. எனக்கும் ஆசை வந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் என்னைவிடப் பதினைந்து வயது சின்ன ஆள் ஒருவர் செம்பு அளவுக்கு ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையின் தோழர்கள் அவரைச் சுற்றி நின்று அதைத் தொட்டுப் பார்த்தார்கள். என் கேமராவைப் பார்த்து ஒருவர், "அக்கா, இது என்ன, ரப்பர் பேண்டு?" என்று கேட்டார். அது ரப்பர் பேண்டுதான் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து இவரிடம், அந்த லென்ஸ் மதுரையில் கிடைக்குமா என்று கேட்டேன். மனிதர் சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டார்.

லென்ஸும் அதற்குத் தோதான புதுக் கேமராவும் வந்தன. விலையைச் சொன்னால் என் அம்மா வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பதால் இங்கே எழுதவில்லை. எங்கள் வழக்கப்படி, புது வண்டி வாங்கினால் கோயிலில் நிறுத்தி மந்திரிப்பது போல இதையும் கொண்டுபோனோம். சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். கண்ணாடியில் தண்ணீர் படக் கூடாதென்று இவர் மூடியைப் போட்டு அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டார். ஆசீர்வாதம் மூடிக்கும் இவருடைய கைக்கும் கிடைத்தது.

புது லென்ஸோடு நான் போன முதல் விசேஷம் சாணார்பட்டிக்குக் கிழக்கே ஒரு ஊரில் காதுகுத்து. பிள்ளையின் அம்மாவை எனக்கு முன்பே தெரியும். அவளுடைய வளைகாப்பை நான்தான் எடுத்தேன். தக்காளியும் செண்டுப்பூவும் போடுகிற குடும்பம். அவளுக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு தம்பி. அவருக்குப் போர்வெல் போடுகிற லாரியில் வேலை. வருடத்தில் பத்து மாதம் வடக்கே எங்காவது பாறையில் குழாய் இறக்கிக்கொண்டிருப்பார். குலசாமி கோயிலில் பிள்ளைக்கு முடி இறக்கிய கையோடு காது குத்த வேண்டும், அப்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். மடி இல்லாமல் காது குத்த மாட்டார்கள். அவருக்கு லீவு கிடைக்காமல் இரண்டு தடவை தேதியைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். மூன்றாவது தேதிக்கு ரயிலில் இரண்டு நாள் நின்றுகொண்டே வந்து சேர்ந்தார்.

கோயில் என்பது ஒரு தகரக் கொட்டகை, வேப்பமரம், இரண்டு குதிரைச் சிலை. மாமன் சீர்த்தட்டு வந்தது, கொட்டு வந்தது, கிடா வந்தது, போனது. கொட்டகைக்குள் ஜமுக்காளம் விரித்து மாமன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. இரும்புக் குழாய் தட்டியது என்று பின்னால் சொன்னார். மொட்டைத் தலையில் சந்தனம் அப்பிய பிள்ளையை மடியில் வைத்தார்கள். எதிரே ஆசாரி கம்பியை எடுத்துத் துடைத்தார். சுற்றி இருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் போனைத் தூக்கினார்கள்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பெரிய துவார லென்ஸில் பார்த்தபோது, பிள்ளைக்குப் பின்னால் உருக வேண்டிய இடத்தில் ஏழெட்டுக் கைகளும் போன்களும் தெரிந்தன. எனக்கு எரிச்சல் வந்தது.

"எல்லாரும் போனை உள்ள வைங்க. கொஞ்சம் தள்ளிப் போங்க. நான் ஒருத்தி எதுக்கு வந்திருக்கேன்? எல்லாம் நான் எடுத்துத் தாரேன்" என்று சத்தம் போட்டேன்.

இந்தப் பக்கத்து மக்கள் கொட்டுக்காரர் சொன்னால் கேட்க மாட்டார்கள், பூசாரி சொன்னால் கேட்க மாட்டார்கள். அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டார்கள். என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள் என்று நினைக்கிறேன். எல்லாப் போனும் சட்டைப்பைக்கும் ஜாக்கெட்டுக்கும் போயின. பிள்ளையின் அப்பாவே போனை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். ஆசாரி குத்தினார், பிள்ளை வீரிட்டான், மாமன் குனிந்து அவன் தலையில் வாயை வைத்து என்னமோ சொன்னார். புதுக் கேமரா பிள்ளையின் கண்ணைத் தானாகவே கண்டுபிடித்துக் கட்டம் கட்டிப் பிடித்துக்கொண்டது. நான் விரலை எடுக்கவே இல்லை.

அப்புறம் குரூப் போட்டோ. அந்த லென்ஸில் முப்பது பேரை அடக்க வேண்டும் என்றால் நான் இருபது அடி பின்னால் போக வேண்டும். பத்து அடி போனதும் முதுகில் அனல் அடித்தது. பிரியாணி அண்டா. இன்னும் பின்னால் போனால் நானும் வெந்துவிடுவேன் என்பதால், ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து ரப்பர் பேண்டுக் கேமராவை எடுத்துவந்து இரண்டே இரண்டு அமுக்கு அமுக்கினேன். வேண்டாவெறுப்பாகத்தான். புதுக் கேமரா கழுத்தில் இரண்டு கிலோ வெங்காயம் போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆல்பம் பிரமாதமாக வந்தது. அட்டைப் படத்தில் பிள்ளை அழுகிறான். கண்ணிமை ஒவ்வொன்றையும் எண்ணலாம், கன்னத்தில் வழிகிற கண்ணீருக்குள் ஆசாரியின் சட்டை தெரிந்தது. ஆல்பம் ஊர் முழுக்கச் சுற்றியது. மூன்று புதிய வேலைகள் வந்தன. இவர் ஆல்பத்தை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். குரூப் போட்டோ இரண்டையும் அதில் சேர்க்கவில்லை. பின்சுவரில் எல்லாருக்கும் கறுப்பாக நிழல் விழுந்திருந்தது, நடுவில் கொட்டகைக் கம்பம், ஓரத்தில் யாருடைய கையிலோ எவர்சில்வர் டம்ளர். "இது இந்த ஆல்பத்தோட ஒட்டாது" என்றார் இவர். நானும் ஆமாம் என்றேன்.

மாமன் வடக்கே கிளம்புவதற்கு முந்தின நாள் அக்காவோடு ஆல்பம் வாங்க வந்தார். எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். வேலை செய்து காய்த்துப் போன விரல், தாளில் ரேகை படாமல் ஓரத்தைப் பிடித்துத்தான் திருப்பினார்.

"அக்கா, இதுல நான் எங்க இருக்கேன்?"

"பிள்ளைக்குப் பின்னால இருக்கீங்களே தம்பி."

"பின்னால புகையால்ல இருக்கேன்" என்று சிரித்தார்.

நான் விளக்கினேன். லென்ஸின் துவாரம், கண்ணில் ஃபோகஸ், அதற்கு ஒரு சாண் பின்னால் இருந்தாலும் மங்கிவிடும், அதுதான் இப்போது எல்லாரும் விரும்புவது. என் வீட்டுக்காரர் எனக்குச் சொன்னதை எல்லாம் அவருக்குச் சொன்னேன். வடக்கே பாறையில் குழாய் இறக்குகிற மனிதர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"பரவால்லக்கா. பிள்ள நல்லா விழுந்துருக்கான்ல. அது போதும்."

"அடுத்த தடவ வாரப்ப உங்களையும் பிள்ளையையும் தனியா வச்சு எடுத்துத் தாரேன்."

"வாரேன்க்கா. எடுங்க."

ஐந்து மாதம் கழித்து அவர் ஊருக்கு வந்தபோது ஆம்புலன்சில் வந்தார். வேலை நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. நான் சாவுக்குப் போனேன். பஸ் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். ஆதாரில் யாரும் மனிதராகத் தெரிவதில்லை, அவரும் தெரியவில்லை. அவருடைய வாட்ஸ்அப்பில் ஜல்லிக்கட்டு மாடு படம் இருந்தது. அவருடைய போன் வேலை பார்த்த இடத்திலேயே காணாமல் போயிருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது அவருடைய அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். பிள்ளை இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தான். காபி கொடுத்தேன், கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, மாலை போடுற படத்துக்கு ஆதார்ல இருக்கறதையே வச்சுக்கிறலாம்னு வீட்டுல சொல்றாக. அது எனக்குப் பிரச்சன இல்ல. எனக்கு வேண்டியது வேற. இவன மடியில வச்சிருக்கான்ல, அதுல ரெண்டு பேரு மூஞ்சியும் தெரியிற மாதிரி ஒரே ஒரு படம். இவனுக்கு அவனத் தெரியாதுக்கா. நாளைக்கு நான் சொன்னாத்தான் தெரியும். நான் சொல்றப்ப காட்ட ஒண்ணு வேணும்ல?"

"உங்க ஆளுக யாரு போன்லயாவது..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "நீங்கதான் எல்லாத்தையும் உள்ள வைக்கச் சொன்னீகளே" என்று, விலாசம் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். மடியில் எடுத்தவை அறுபத்து மூன்று படங்கள். அறுபத்து மூன்றிலும் பிள்ளையின் கண்ணிமையை எண்ணலாம். அறுபத்து மூன்றிலும் அவனுக்குப் பின்னால் மாநிறத்தில், வழவழவென்று, மீசை இருக்கலாம் என்று ஊகிக்கிற அளவுக்கு ஒரு உருவம். பின்னணியை உருக்குவதற்காகவே செய்த கண்ணாடி அது, தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. அவள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அடுத்தது போடுங்கக்கா" என்றாள். கடைசி வரை அப்படியே சொன்னாள்.

பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இவர் எட்டிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் மனிதருக்கு முகம் செத்துவிட்டது. "செத்த நேரம் இருங்க, ஏஐ போட்டா வந்துரும்" என்று உட்கார்ந்தார். மங்கலான முகத்தைத் தெளிவாக்குகிற ஒரு மென்பொருள். அரை மணி நேரத்தில் முகம் வந்தது. நல்ல முகம். கண் இரண்டும் ஒரே அளவு, மீசை நறுக்கியது போல, தோலில் ஒரு புள்ளி இல்லை. இடது புருவம் முழுசாக இருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"நல்லா இருக்காரு" என்றாள். "இது யாருக்கா?"

இவர் அதை மூடிவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவர் முதல் வகுப்புக்குத் தாமதம். பதினெட்டு வருட வேலையில் அதுவரை அவர் தாமதமாகப் போனதில்லை.

எனக்கு அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் தம்பியைப் பறிகொடுத்தவள் அழாமல் உட்கார்ந்திருக்கும்போது நான் அழுவது அசிங்கம் என்று, ஆறிப்போன அவள் காபியைச் சூடு பண்ணப் போனேன். பிள்ளை விழித்துக்கொண்டான். விழித்ததும் அம்மாவின் மூக்கைப் பிடித்து இழுத்தான்.

"இதே வேலதான்" என்று அவன் கையை விலக்கினாள். "அன்னைக்கும் மாமன் மூக்கப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தான்ல. எல்லாரும் சிரிச்சோம்."

நான் அடுப்பை அணைத்தேன். அந்த மூக்கு இழுப்பை நானும் பார்த்திருந்தேன். கண்ணால் பார்த்ததாக ஞாபகம் இல்லை. சின்னதாக, இருட்டாக, தூசி படிந்த ஒரு சதுரத்துக்குள் பார்த்த ஞாபகம். புதுக் கேமராவில் எல்லாம் டிவி போலப் பளிச்சென்று தெரியும். அப்படி இருட்டாகத் தெரிவது ரப்பர் பேண்டுக் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கிற கண்ணாடியில்தான்.

பழைய கேமராவின் கார்டுகளை நான் தையல் மெஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கும் கோயில் காணிக்கைக் கவர்களுக்கும் நடுவில் போட்டு வைப்பேன். ஒழுங்கான ஆள் என்றால் அவற்றை உடனுக்குடன் அழித்துத் திரும்பப் பயன்படுத்துவார்கள். என் சோம்பேறித்தனத்துக்கு அன்றைக்கு நன்றி சொன்னேன். நாலாவது கார்டில் இருந்தது.

குரூப் போட்டோ இரண்டில் முதலாவது. முப்பது பேர், மூன்று வரிசை. பின்சுவரில் எல்லாருக்கும் கறுப்பு நிழல். நடுவில் கம்பம். ஓரத்தில் டம்ளர் பிடித்த கை. கடைசி வரிசையில் வலது ஓரத்தில் மாமன். பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறார். கேமராவைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்க்கிறார். மொட்டைத் தலைக்காரன் அவருடைய மூக்கைப் பிடித்து இழுக்கிறான், புதுத்தோடு காதில் மின்னுகிறது, கன்னத்தில் அழுத கண்ணீர் இன்னும் காயவில்லை. மாமன் வாய் திறந்து சிரிக்கிறார். பெரிதாக்கிக்கொண்டே போனேன். சட்டைக் காலரில் சந்தனம். இடது புருவத்தில் தழும்பு. தழும்புக்குள் முடி முளைக்காத இடம் வரை தெரிந்தது.

அவள் திரையைத் தொட்டாள். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான், பசியில் சிணுங்கினான், அவனுக்கு ஒரு இட்லி கொடுத்தோம்.

இரண்டு பேரை மட்டும் வெட்டி எடுத்துப் பிரிண்ட் போடட்டுமா என்று கேட்டேன். கம்பமும் நிழலும் போய்விடும், நன்றாக இருக்கும் என்றேன். பழக்க தோஷம்.

"வேணாம்க்கா. எல்லாம் இருக்கட்டும். அந்த டம்ளர் எங்க அப்பா கையி."

அப்படியே முழுசாகப் பெரிய அளவில் போட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். மாலை ஆதார் படத்துக்குப் போனது. இதற்கு மாலை வேண்டாம், பிள்ளை பிய்த்துவிடுவான் என்று சொல்லி அவன் எட்டிப் பார்க்கிற உயரத்தில் மாட்டிக்கொண்டாள்.

லென்ஸை அந்த மாதமே விற்றேன். வாங்கியவர் அன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் பார்த்த அதே செம்பு லென்ஸ் இளைஞர்தான். அவருக்கு இது இரண்டாவது. வாங்குகிறபோது, "ஏன்க்கா விக்கிறீங்க, சூப்பர் லென்ஸ்ல?" என்றார். சூப்பர் லென்ஸ்தான் தம்பி, ஒரு ஆளை எடுக்க அதைப் போல ஒன்று கிடையாது என்றேன். பொய் இல்லை. ஒரே ஆள் நிற்கிற விசேஷம் எதற்காவது என்னைக் கூப்பிட்டால் நானும் அதையே வைத்திருப்பேன். இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு விசேஷம் இன்னும் நடக்கவில்லை. விற்ற மறுநாள் இவர் பள்ளியிலிருந்து வரும்போது பேட்டரி மூடிக்கு ஒரு சின்னக் கொக்கி செய்துகொண்டு வந்தார். ஆய்வகத்துக் கம்பியில் தானே வளைத்ததாம். பொருந்தவில்லை. ரப்பர் பேண்டை அதன் மேலேயே போட்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் காதுகுத்து என்றால், ஆசாரி கம்பியை எடுப்பதற்கு முன் நான் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். "மாமா, மொதல்ல நீங்க இங்க பாருங்க" என்பேன். மாமன் பார்த்து, நான் எடுத்து முடித்த பிறகுதான் ஆசாரிக்குத் தலையசைப்பேன். அப்புறம் யார் வேண்டுமானாலும் போனை நீட்டலாம், எனக்கு முன்னாலேயே வந்து நீட்டலாம். போன சித்திரையில் ஒரு கோயிலில், எனக்கு முன்பின் தெரியாத ஒரு அம்மா அவசரப்பட்ட ஆசாரியை அதட்டிக்கொண்டிருந்தார். "ஏலே, பொறு. மாமனப் படம் புடிக்காமக் குத்தக் கூடாது. அதுதானப்பா முறை" என்றார். நான் திருத்தவில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் வேலை இருந்தது, போகிற வழியில் அவள் வீட்டில் இறங்கினேன். பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, ஓடுகிறான், பேசுகிறான். அவள் அவனைப் படத்துக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தி, "பெரியம்மாவுக்குக் காட்டு, இதுல யாரு யாரு?" என்றாள். அவன் விரலை வைத்து ஒவ்வொருவராகச் சொன்னான். அம்மா. அப்பா. தாத்தா டம்ளர். மாமனிடம் வந்ததும் விரலைப் படத்தில் வைக்காமல் தன் காதுத்தோட்டைப் பிடித்துக்கொண்டு, "காது" என்றான்.

"தெனமும் சொல்லிக் குடுக்குறேன்க்கா. ஒனக்குக் காது குத்துறப்ப மடியில வச்சுக்கிட்ட மாமான்னு. அம்புட்டையும் விட்டுட்டுக் காதுங்கிறான்" என்றாள். அவனிடம் திரும்பி, "மாமா சொல்லு" என்றாள்.

"காது" என்றான் அவன், எனக்கு விளங்கவில்லையோ என்று இன்னும் சத்தமாக.

ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ரப்பர் பேண்டுக் கேமராவை எடுத்து வந்தேன். சட்டத்துக் கண்ணாடியில் பிளாஷ் அடிக்காதபடி ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தேன். துவாரத்தை வழக்கத்தைவிட இன்னும் ஒரு படி சின்னதாக்கினேன். அவன் தோட்டைப் பிடித்தபடியே திரும்பி என்னைப் பார்த்தான், ஒரே ஒரு படம் எடுத்தேன். முன்னால் அவன், பின்னால் சுவரில் மாமன். இரண்டு பேரும் தெளிவாக விழுந்திருந்தார்கள்.